விலைக்குப் பிறகு தேத்தண்ணி

எக்ஸ்ரே காக்காவைத் தேத்தண்ணி குடிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம், படியேறி வந்த ஒருவர் வாய் நனைக்காமல் போனால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அது நன்றாகத் தெரிந்திருந்தும், ஊரே அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற அந்த மனிசன் வீடு வீடாகப் போய், நீட்டிய கோப்பையை எல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவர் போனது விருந்துக்கு இல்லை, விலை பார்க்க. ஃபிலிம் சுருள் வருவதற்கு முந்திய காலத்தில் கண்ணாடித் தட்டில் படம் பிடித்த மரப்பெட்டிக் கமராக்கள் இருந்தனவே, அவைகளுக்கு. அந்தப் பெட்டிகளைத் தேடி வாங்கி, அலுமாரியில் வைத்துப் பூட்டி அழகு பார்க்கிறவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கிறார்கள் என்பதே காக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தக் கிழக்குக் கரையில் எங்கே ஒரு பெட்டி வெளிப்பட்டாலும், பொத்துவில் ஆனாலும் பெரியநீலாவணை ஆனாலும், வாங்க வருகிறவர்கள் முதலில் இவருக்குத்தான் போன் எடுப்பார்கள். இவர் வாயால் வருகிற விலைதான் விலை.

அந்த விலையை அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார். விற்கிறவரையும் வாங்குகிறவரையும் ஒரே இடத்தில் இருத்தி, முதலில் குறையை எல்லாம் சொல்வார். பிறகு விலை. அதற்குப் பிறகுதான் திரும்பி, "இப்பத் தாங்க தேத்தண்ணிய, சீனி கூடவாப் போட்டு" என்று தானே கேட்பார். நிந்தவூரில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த ஒரு போடியார் வீட்டில் இவருக்காக வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தார்களாம். நெருப்பு வெயிலில் இரண்டு மணித்தியாலம் தொண்டை காயப் பெட்டியைப் பார்த்து, போடியாரின் முகத்துக்கு நேரே "இதுல லென்ஸ் மாறியிரிக்கி, பின்பக்கத்துச் சட்டம் வேற பெட்டிட" என்று சொல்லி, அவர் முகம் கறுத்துப்போய் இருக்கும்போதே வட்டிலப்பத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். நோன்பு மாதத்தில் விலை பார்க்கப் போவதென்றால் அவருக்குப் பெரிய சந்தோசம். யாரும் எதையும் நீட்டமாட்டார்கள் அல்லவா?

"ஏன் காக்கா இந்த வீம்பு? ஒரு மிடறு குடிச்சா என்ன வந்திரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீம்பில்ல தங்கச்சி. குடிச்சிட்டா எனக்குக் குறை சொல்ல வாய் வராது. நான் கொஞ்சம் இளகின ஆள்" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் என் மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இளகின ஆளாம்! இவராம்!

போன வருடம் அவர் மௌத்தானபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். யாரோ தெரியாதவர் என்று நினைத்து, இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு மீன் வெட்டிக்கொண்டு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்து, "மாமி, நம்மட எக்ஸ்ரே காக்கா" என்ற பிறகுதான் கத்தியைக் கீழே போட்டேன். இத்தனை வருடம் பழகிய மனிசனின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போதும் அந்தப் பெயரில் அவரை நினைக்க முடியவில்லை, அதனால் அதை இங்கே எழுதவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருடம் எக்ஸ்ரே படம் எடுத்தவர் அவர். எதையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கிற பழக்கம் அங்கே பிடித்தது. ரூபாய் நோட்டு, மருந்துப் போத்தல், பிள்ளைகளின் கைவிரல், நான் விற்கிற கைத்தறிப் புடவை எல்லாவற்றையும் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். "தங்கச்சி, இதுல நாலு இழை விட்டுப்போயிரிக்கி" என்று சத்தமாகச் சொல்வார், அதுவும் வாங்க வந்தவள் காசை எடுக்கிற நேரம் பார்த்து. மீன் சந்தையில் அவர் வருவதைக் கண்டால் வியாபாரிகள் சுறாவைச் சாக்கால் மூடுவார்கள். அவர் வாங்குகிறாரோ இல்லையோ, வாங்க நிற்கிறவர்களுக்கு "இது நேத்தய மீன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். பொல்லாத வாய்.

அந்த வாய் சொந்த வீட்டையும் விட்டு வைக்கவில்லை. அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எல்லாம் பேசி முடித்து, நாள் குறிக்கிற நேரத்தில், "என்ட மகளுக்கு எடது காது கேள்வி குறைவு. அந்தப் பக்கம் நிண்டு கதைச்சா விளங்காது" என்று சொல்லிவிட்டார். கேட்டவர்கள் தட்டைக்கூடத் தொடாமல் எழும்பிப் போனார்கள். அவருடைய பெண்சாதி மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அட்டாளைச்சேனையில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். இந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாராம். இன்றைக்கும் அந்த மருமகன் மனைவியின் வலப்பக்கமாகவே நடக்கிறார். அதைப் பார்த்தவள் நான். ஆனாலும் அவர் சொன்னது சரி என்று அன்றைக்கு ஊரில் ஒருவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டியைப் பார்க்கிற விதம் ஒன்று இருந்தது அவருக்கு. முதலில் மோந்து பார்ப்பார். கமராவின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீள்கிற தோல் இருக்கிறதே, அதற்கு அவர் துருத்தி என்று சொல்வார். அதற்குள் மூக்கை விட்டு நன்றாக இழுப்பார். அறுகம்பேயில் ஒரு தங்குமிடக்காரர் தோல் வெடிக்கக்கூடாது என்று அதற்குத் தேங்காயெண்ணெய் பூசி வைத்திருந்தார். மோந்த உடனேயே, "எறும்பு எத்தின மாசமா வருது?" என்று கேட்டாராம் காக்கா. பிறகு கறுப்புத் துணியால் தன்னையும் பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டு, துருத்திக்குள் டோர்ச் லைட்டை விட்டு அடிப்பார். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே வெளிச்சம் புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியையும் துணிக்குள்ளிருந்து சத்தமாக எண்ணுவார். வெளியே நிற்கிறவன் ஒவ்வொரு எண்ணுக்கும் விலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு நிற்பான்.

அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஏனென்றால் எங்களிடமும் ஒரு பெட்டி இருந்தது.

என் வாப்பா கல்முனை பஸாரில் படம் பிடித்த பெட்டி அது. சூட்டு நாடுகளுக்கென்று தேக்கில் செய்து, மூலைக்கு மூலை பித்தளைக் கட்டுப் போட்டு அனுப்பிய வகை. சுனாமியாகக் கடல் வந்த அன்று வீட்டில் நெஞ்சளவு தண்ணீர் நின்றது, பெட்டி அலுமாரிக்கு மேலே கிடந்ததால் தப்பியது. அதற்குப் பிறகும் அது அங்கேயேதான் தூசு குடித்துக்கொண்டு கிடந்தது. என் வீட்டுக்காரர் மௌத்தாகி ஆறாவது வருடம், மகளுக்கு ஒரு சம்பந்தம் சரிவந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியிருப்பார். சுவர் எழும்பி நின்றது, கூரை இல்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால் கூரை ஏறாவிட்டால் வேறிடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் பல்லைக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெட்டியை விற்கிற யோசனை அப்போதுதான் வந்தது. காக்காவிடம் சொன்னேன். கொழும்பில் ஒரு ஹாஜியார் இந்த வகையைத்தான் தேடுகிறார் என்று படம் எடுத்து அனுப்பினார். ஹாஜியார் போனிலேயே சொன்ன தொகை கூரைக்கும் போதும், கதவு யன்னலுக்கும் போதும். ஒரு மாதத்தில் நேரே வந்து பார்த்து எடுப்பதாக ஏற்பாடு. அந்த ஒரு மாதமும் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற காக்கா எங்கள் படியை மிதிக்கவில்லை. விலை சொல்லப்போகிறவன் அதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து போகக்கூடாதாம். அதுவும் அவர் சட்டத்தில் ஒன்று.

அந்த மாதத்தில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

கொழும்பிலிருந்து ஆள் வருகிறார். வீட்டுச் சாமானைத் தூசும் களிம்புமாகவா காட்டுவது? பெருநாளைக்கு வெற்றிலை வட்டாவை விளக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டு அந்தப் பித்தளை முழுவதையும் தேய்த்தேன். மஞ்சளாக இருந்தது வெள்ளையாகப் பளபளக்கும் மட்டும் தேய்த்தேன். என் தம்பி தன் தோணிக்கு அடித்து மிஞ்சிய வார்னிஷைக் கொண்டுவந்து மரத்துக்கு இரண்டு பூச்சுப் பூசினான். பெட்டி மணப்பெண்போல ஜொலித்தது. நானும் மகளும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

ஹாஜியார் வந்தார். பெட்டியைக் கண்டதும் அவர் கண் விரிந்ததை நான் பார்த்தேன். "மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்றார். பையில் கைகூடப் போட்டுவிட்டார். பின்னாலேயே காக்கா வந்தார். விறாந்தைப் படியில் ஒரு காலை வைத்தவர், அடுத்த காலை வைக்கவில்லை. மோந்து பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, வார்னிஷ் மணம் ஒழுங்கை வரைக்கும் போயிருந்தது.

"தங்கச்சி, இத ஆரு புளி போட்டு விளக்கின?"

"நாந்தான் காக்கா. பளிச்செண்டு இரிக்கில்லயா?"

"இரிக்கி. அதான் பிழ."

நான் கண்ணைக் காட்டினேன். ஹாஜியாருக்குத் தெரியாதபடி தலையை ஆட்டினேன். மகள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காக்கா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு குனிந்து பெட்டியைப் பார்த்தார். அரை மணித்தியாலம் பார்த்தார். நிமிர்ந்து, ஹாஜியாருக்கும் எனக்கும் ஒரே சத்தத்தில் சொன்னார்.

"ஹாஜியார், இந்தப் பித்தளைக்கு மேல செஞ்சவன் பூசின தங்க நெறப் பூச்சு ஒண்டு இருந்திச்சி. உப்புக்காத்துக்கு இத்தின காலம் ஈடு குடுத்திச்சி, புளிக்கு ஈடு குடுக்கல்ல. இனி அது வராது. மரத்துல இரிக்கிறது தோணி வார்னிஷ். உள்ளுக்குத் துருத்தி சுகம், ஓட்டை இல்ல, லென்ஸ் சுத்தம். ஆனா போன்ல சொன்ன விலை இதுக்கில்ல. அதுல மூண்டுல ஒண்டு."

ஹாஜியார் பையிலிருந்து கையை எடுத்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழும்பினார். அவருடைய வாகனம் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரைக்கும் நான் படியில் நின்றேன். காக்கா கதிரையில் இருந்தபடி அடுப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்தார். விலை சொல்லியாயிற்று, இனித் தேத்தண்ணி வரும் என்று காத்திருக்கிறார்!

"தேத்தண்ணியா? என்ட புள்ளட தலையில மண்ண அள்ளிப் போட்டுட்டு ஒங்களுக்குத் தேத்தண்ணி கேக்குதா? அந்தாளே வேணுமெண்டு நிண்டாரு, ஒங்களுக்கு என்ன வந்த? ஒங்கட மகளுக்குச் செஞ்சது போதாதா? எழும்பிப் போங்க காக்கா!"

அவர் எழும்பிப் போனார். டோர்ச் லைட்டை மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்து ஒழுங்கையில் வீசினேன். வீசிவிட்டு, மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டுப் படியில் வந்து நின்றார் அதே மனிசன். கையில் ஒரு பை. உள்ளே பஞ்சு, ஒரு போத்தல் டர்ப்பன்டைன், பல் தீட்டுகிற பழைய பிரஷ் இரண்டு. "வார்னிஷ் ஊறி இறுக முந்தி எடுக்கோணும். புளி செஞ்சதுக்கு ஒண்டும் ஏலா, மரத்த மீட்கலாம்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போகச் சொல்லவும் வாய் வரவில்லை. அவர் விறாந்தையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். உட்கார்ந்து, பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், தலையைத் தூக்கிச் சொன்னார்:

"தங்கச்சி, ஒரு தேத்தண்ணி ஊத்துங்க."

நேற்றைய பாக்கியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். சீனி போடாமல் ஒரு கறுத்தத் தேத்தண்ணியை நங்கென்று கொண்டுபோய் வைத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார்.

ஒன்றரை மாதம் வந்தார். நாளைக்கு ஒரு கையளவு மரம். பஞ்சை நனைத்து, ஒற்றி, துடைத்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, மறுபடி ஒற்றுவார். ஒவ்வொரு நாளும் வந்த உடனே தேத்தண்ணி கேட்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நான் சீனி போட்டேன். பிறகு தொட்டுத் தின்னப் பணிஸும் வைத்தேன். ஒருநாள், "அண்டைக்கு நான் கனக்க ஏசிட்டன் காக்கா" என்றேன்.

"கேட்டிச்சி. பள்ளியடிவரைக்கும் கேட்டிச்சி" என்றார். பஞ்சைப் பிழிந்து வைத்துவிட்டு, "அந்த மாசத்துக்குள்ள நான் ஒருக்கா வந்து எட்டிப் பாத்திருந்தா நீங்க இதத் தேய்ச்சிருக்க மாட்டீங்க. எனக்கு என்ட சட்டம் பெரிசாப் போச்சி. அந்தக் குறை என்டது, தங்கச்சி" என்றார்.

உள்ளே போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

தேக்கு மரம் தன் நிறத்துக்குத் திரும்பிய பிறகு ஹாஜியாரை மறுபடி கூப்பிட்டோம். அவர் பெட்டியைத் தடவிப் பார்த்து, "இப்ப என்ன வெல காக்கா?" என்று கேட்டார்.

"நான் சொல்ல ஏலா. இதுல என்ட கை பட்டிரிக்கி. இந்த ஊட்டுல ஒன்றரை மாசம் தேத்தண்ணி குடிச்சிரிக்கன். வேற ஆளக் கூப்பிடுங்க. வார்னிஷ் பூசி எடுத்த பெட்டி எண்டு அவருக்குச் சொல்லிப் போடுங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதல் நாள், பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், அவர் ஏன் தேத்தண்ணி கேட்டார் என்று. இனி இந்த வீட்டில் விலை சொல்கிற ஆள் நான் இல்லை என்று அந்தச் சீனியில்லாத கோப்பையோடு முடிவெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் பாக்கி கேட்கிறார் என்று நங்கென்று வைத்தேன். அல்லாஹ்வே, என் புத்தி!

கண்டியிலிருந்து வேறொருவர் வந்து பார்த்தார். முதலில் பேசிய தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சொன்னார். ஹாஜியார் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் கொழும்பில் ஒரு கதை கிளம்பிவிட்டது. எக்ஸ்ரே காக்கா இப்போது தானே பெட்டிகளைத் திருத்தி விற்கத் தொடங்கிவிட்டார், இனி அவர் சொல்கிற விலையை எப்படி நம்புவது என்று. அவருக்கு வருகிற போன் குறைந்தது, பிறகு நின்றே போனது. பென்சனுக்குப் பிறகு அந்த மனிசனுக்கு இருந்த ஒரே பெருமை அது. நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "போன் அடிக்காட்டி பகல்ல நல்லா நித்திர வருது தங்கச்சி" என்றார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூரை பெருநாளைக்கு முன்னால் ஏறியது. ஆனால் ஓடு முழுக்கப் போடக் காசு போதவில்லை. பின்பக்கத்து மூலை ஒன்றுக்குத் தகரம் போட்டு, ஓட்டோடு சேர்த்துச் சீமெந்து பூசினோம். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். மாப்பிள்ளைப் பையன் நல்லவன், தகரமும் கூரைதானே என்று சொல்லிவிட்டான். நிக்காஹ் நடந்தது.

வீடு குடிபோன அன்று காக்காவை முதல் ஆளாக வரச் சொன்னேன். வெள்ளைச் சாரன் உடுத்து, அத்தர் பூசி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். யன்னலைத் திறந்து மூடினார். அறைகளைக் கடந்து பின்பக்கம் போனார். நானும் மகளும் பின்னாலேயே போனோம். அந்த மூலையில் நின்று, ஓடும் தகரமும் சேர்கிற இடத்தை ஒரு கண்ணை மூடி அண்ணாந்து பார்த்தார். சீமெந்து பூசிய இடத்தில் மயிரிழைபோல வெளிச்சம் தெரிந்தது. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமலா இருக்கும்? விருந்தாளிகள் எல்லாம் முன்னறையில் இருந்தார்கள், சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். அவருடைய சத்தம் எவ்வளவு தூரம் போகும் என்பது ஊருக்கே தெரியும்.

"சொல்லுங்க காக்கா. என்ன குறை?" என்றேன். சொல்லட்டும், இந்த வீட்டில் சொல்வதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் கேட்டேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் தாழ்த்தி, என் மகள் நிற்கிற பக்கம் திரும்பினார்.

"மொதல்ல ஒரு தேத்தண்ணி தா புள்ள" என்றார்.

மாரி மழைக்கு அந்த மூலை இப்போதும் ஒழுகுகிறது. மகள் அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறாள். மேசனைக் கூப்பிட்டுப் பூசிவிடலாம் என்று மருமகன் ஒவ்வொரு வருடமும் சொல்கிறான். நான்தான் இருக்கட்டும் என்று மறிக்கிறேன்.